கைக்கு வாள், காலுக்கு என்ன?

2006 நவம்பரில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோவின் வீ கருவியோடு, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற விளையாட்டும் சேர்ந்தே வந்தது. அதன் டென்னிஸ் ஆட்டத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். மட்டை வீசுவது ஆடுபவரின் கை. பந்து விழும் இடத்துக்கு ஓடிப்போவது திரையிலுள்ள பாத்திரம். அது தானாகவே ஓடுகிறது, ஆடுபவரைக் கேட்பதில்லை. பேஸ்பாலிலும் அடித்த பந்தைத் துரத்திப் பிடிப்பதைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. உடலசைவால் ஆடும் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசும்போது, வாளாகவும் மட்டையாகவும் துப்பாக்கியாகவும் மாறிய கையைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்த வரலாற்றின் போக்கைத் தீர்மானித்தது கால் என்பது என் வாதம். ஆடுபவர் ஓர் அறைக்குள் நின்ற இடத்திலேயே நிற்க, அவருடைய பாத்திரம் மட்டும் ஒரு பெரிய உலகத்தைச் சுற்றி வர வேண்டும். இந்த முரணுக்கு வழி கண்ட விளையாட்டுகள் நிலைத்தன. காணாதவை, சென்சார் எவ்வளவு நுட்பமாக இருந்தும் சறுக்கின.

வீ பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கலைத் தொட்டுவிட்டார்கள். 1986-இல் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் கொண்டுவந்த ‘ஃபேமிலி டிரெய்னர்’, 1988-இல் ‘பவர் பேட்’ என்ற பெயரில் அமெரிக்கா போனது. அது தரையில் விரிக்கும் பாய். உள்ளே மிதித்தால் அழுந்தும் பொத்தான்கள். அதன்மேல் நின்ற இடத்தில் ஓடினால், காலடி விழும் வேகத்துக்கு ஏற்பத் திரையில் வீரன் ஓடுவான். ஓட்டப்பந்தயத்துக்கு அது போதும், ஏனென்றால் பாதை ஒரே நேர்கோடு. இடமா வலமா என்ற கேள்வியே அங்கு எழாது. 1993-இல் சேகா வெளியிட்ட ‘ஆக்டிவேட்டர்’ அந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. எண்கோண வளையம் ஒன்றைத் தரையில் வைத்து நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அகச்சிவப்புக் கதிர் மேல்நோக்கிப் பாயும். கையாலோ காலாலோ அதை மறித்தால் ஒரு பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. அப்படியானால் பாத்திரம் தொடர்ந்து முன்னே நடக்க, ஆடுபவர் அந்தப் பக்கத்தின் மேல் கையையோ காலையோ நீட்டியபடியே இருக்க வேண்டும். கட்டைவிரல் சிரமமில்லாமல் செய்துவந்த வேலையை முழு உடம்பின் மேல் சுமத்திய ஏற்பாடு அது. சந்தையில் அது தோற்றதில் வியப்பில்லை.

வீயை வடிவமைத்தவர்கள் எல்லையை அறிந்தே வேலை செய்தார்கள். ரிமோட்டுக்குள் முடுக்கத்தை அளக்கும் சில்லு ஒன்று இருந்தது. அது வீச்சையும் சாய்வையும் சொல்லும். ஆடுபவர் அறையில் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லாது. ஆகவே நடப்பதை, மறு கையில் பிடிக்கும் ‘நன்சக்’கின் சிறு ஸ்டிக்கிடம் விட்டார்கள். ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்’ இதற்கு நல்ல சான்று. அதன் நாயகன் லிங்க் இடக்கைக்காரன். ரிமோட்டைப் பெரும்பாலோர் வலக்கையில் பிடிப்பார்கள் என்பதற்காக, வீ பதிப்பில் உலகம் முழுவதையும் இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள், கிழக்கு மேற்கானது. கைக்காக இவ்வளவு தூரம் போனவர்கள், காலுக்கு மட்டும் 1996-இல் நின்டெண்டோ 64 பழக்கப்படுத்திய அதே ஸ்டிக்கை வைத்தார்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஸ்டிக்கைச் சற்றுத் தள்ளினால் நடை, முழுக்கத் தள்ளினால் ஓட்டம், விட்டுவிட்டால் அது நடுவுக்குத் திரும்பும், பாத்திரம் நிற்கும். திசை, வேகம், நிறுத்தம் மூன்றையும் ஒரே விரல் சொல்லிவிடுகிறது.

சென்சார் மட்டமாக இருந்ததுதான் குறை, நல்ல சென்சார் வந்தால் காலும் ஆட்டத்துக்குள் வந்துவிடும் என்று ஒருவர் வாதிடலாம். 2010 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கையில் எதுவும் வேண்டாம். ஆழத்தை அளக்கும் கேமரா உடம்பின் 20 மூட்டுகளைப் பின்தொடரும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. கருவிக்குக் கால் இப்போது தெரிந்தது, ஆனால் அறை நீளவில்லை. ஒருவர் ஆடவே டிவியிலிருந்து ஏறக்குறைய ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டெட்டு முன்னால் வைத்தால் கேமராவுக்குக் கால் மறைந்துவிடும். பாத்திரத்தைத் திருப்ப ஆடுபவர் தானும் திரும்பினால், திரை கண்ணைவிட்டுப் போய்விடும். அதனால்தான் ‘கினெக்ட் அட்வென்சர்ஸ்’ ஆடுபவரை மிதவையில் ஏற்றியது, ஓடும் மேடையில் நிறுத்தியது. 2012-இல் வந்த ‘ஃபேபிள்: தி ஜர்னி’ நாயகனைக் குதிரை வண்டியில் உட்காரவைத்தது. ‘டான்ஸ் சென்ட்ரல்’ அழகாகப் பொருந்திவந்தது, ஆடும் இடத்தைவிட்டு நடனம் எங்கும் போக வேண்டியதில்லை என்பதால்.

2016-இல் வந்த எச்டிசி வைவ் என்ற தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி, ஆடுபவரை நிஜமாகவே நடக்கவிட்டது. திரை தலையிலேயே இருப்பதால் திரும்பும் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் சுவரை நெருங்கினால் கண்முன் கட்டம் போட்ட வேலி ஒன்று எழும். அதற்கு அப்பால் போகப் பல விளையாட்டுகளில் கன்ட்ரோலரால் ஓரிடத்தைச் சுட்டி அங்கே தாவ வேண்டியிருந்தது. ஸ்டிக்கைத் தள்ளி நகர்ந்தாலோ, கண் ஓடுவதாகச் சொல்லும், உட்செவி நிற்பதாகச் சொல்லும், பலருக்குக் குமட்டும்.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு 2019-இல் வந்த நின்டெண்டோவின் ‘ரிங் ஃபிட் அட்வென்சர்’. தொடையில் பட்டை கட்டி நின்ற இடத்தில் ஓடினால் பாத்திரமும் ஓடுகிறது. ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கால் வென்றுவிட்டதே என்றால், பாதி வென்றது என்பேன். அங்கே பாதையை விளையாட்டே போட்டுத் தருகிறது. பவர் பேடின் நேர்கோடு வளைந்து நெளிந்து காடுமேடு தாண்டுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு வேகம் என்று கால் சொல்கிறது; எந்தப் பக்கம் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டையும் காலிடமே கேட்கத் துணிந்த ஒன்று ‘விர்ச்சுவிக்ஸ் ஆம்னி’. கிண்ணம்போல் குழிந்த வழுக்கு மேடை, அதற்கென்றே தனிக் காலணி, இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வளையம். எந்தப் பக்கம் திரும்பி ஓடினாலும் ஆள் நடுவிலேயே இருப்பார். 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி அதுதான். அதற்கும் அறைதான் குறுக்கே நின்றது. அவ்வளவு பெரிய, கனமான மேடையை உலகெங்கும் வீடுகளுக்கு அனுப்பிக் கட்டுப்படியாகாமல், 2016 இறுதியில் அதைத் தயாரித்த நிறுவனம் வெளிநாட்டு ஆர்டர்களை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தந்தது. பிறகு பல ஆண்டுகள் விளையாட்டுக்கூடங்களுக்கே விற்றுவந்தது.