மனக்குறையைக் கொட்டுவதும் ஜெபம்தான்

கிறிஸ்துவ ஜெபம் என்றதும் துதியும் நன்றியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அழுகை, ஆதங்கம், கடவுள் மீதான கோபம்கூட விவிலியத்தில் ஜெபமாகவே இடம்பெற்றுள்ளன. இதை முறையீட்டு ஜெபம் என்பார்கள். புரோட்டஸ்டண்ட் சபையினர் சங்கீதம் என்றும் கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்றும் அழைக்கும் நூலின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான்.

இதற்குத் தெளிவான உதாரணம் சாமுவேல் முதல் நூலில் வரும் அன்னாள். கணவர் எல்க்கானாவுக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் சீலோவுக்கு வழிபடச் செல்லும்போதெல்லாம் பெனின்னாள் அதைச் சொல்லியே குத்திக் காட்டுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் மேல் இல்லையா என்று கணவர் கேட்கிறார். அன்பான கேள்விதான், ஆனால் அந்த வேதனைக்கு அது மருந்தாகவில்லை.

அன்னாள் எழுந்துபோய் கடவுள் முன் மனம் கசந்து அழுகிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார் குரு ஏலி. குடிக்கவில்லை, என் உள்ளத்தைத்தான் கொட்டுகிறேன் என்கிறாள் அவள். ஏலி ஆசி கூறி அனுப்புகிறார். அதன் பிறகு அவள் சாப்பிட்டாள், முகத்தில் துக்கம் இல்லை என்கிறது நூல். கவனிக்க வேண்டியது இதுதான்: அப்போது அவள் கருத்தரிக்கவே இல்லை. மகன் சாமுவேல் பிறந்தது பிறகுதான்.

புக்கிட் மெர்தாஜாம் ஆலயத்தில் ஜூலைத் திருவிழா காணும் புனித அன்னம்மாளின் பெயரும் அன்னாள் என்ற அதே எபிரேயப் பெயர்தான். மரியாளின் தாயான அவரைப் பற்றி விவிலியத்தில் குறிப்பில்லை. இரண்டாம் நூற்றாண்டு எழுத்து ஒன்று, அவரும் பிள்ளையின்றி அழுது முறையிட்டதாகக் கூறுகிறது.

இயேசுவும் கெத்செமனே தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்கும்படி வெளிப்படையாகக் கேட்டார். தந்தையின் விருப்பப்படி ஆகட்டும் என்று ஒப்படைத்தது அந்த ஆசையை மறைக்காமல் சொன்ன பிறகுதான். சிலுவையில் அவர் கதறியதும் 22ஆம் பாடலின் தொடக்க வரியை.

முறையீட்டுக்கும் முணுமுணுப்புக்கும் வித்தியாசம் உண்டு. பாலைவனத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் அமர்ந்து கடவுளைப் பற்றிக் குறைபேசினார்கள். அன்னாள் கடவுளிடமே பேசினாள். கேட்பவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தானே அவரிடம் போய் முறையிடுவார்? நோயாளி அழுதால் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் உறவினர்கள், யோபு நூலின் கடைசி அதிகாரத்தைப் படிப்பது நல்லது. அங்கே கடவுள் கடிந்துகொள்வது புலம்பிய யோபுவின் பேச்சை அல்ல, அவருக்கு உபதேசம் செய்த நண்பர்களின் பேச்சை.

முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13ஆம் பாடல், எவ்வளவு காலம் என்று நான்கு முறை கேட்டுவிட்டு, ஆறே வசனங்களில் துதியில் முடிகிறது. 88ஆம் பாடல் அப்படியல்ல. 18 வசனங்கள் ஓடி, இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரியைச் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு ஜெபத்தில் வெள்ளிக்கிழமைக்கு உரிய பாடல் அதுதான்.