புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: மலாயாவில் ஓர் உயிர்ச்சத்தின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை வட்டாரங்களில் காடழித்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்த காலம். மலாய் மாநிலங்களின் மருத்துவர்களை அன்று மருட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், தசை சூம்பும், சிலருக்கு உடல் நீர்கோத்து வீங்கி, இதயம் தளர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதே வெயிலிலும் அதே மழையிலும் உழைத்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தத்தம் கம்பத்தில் நெல் விளைத்து, அவ்வப்போது வேண்டிய அளவு உரலில் குற்றி உண்ட மலாய்க்காரரிடமும் அது மிகுதியாக இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? தொற்று என்றனர் சிலர். இருப்பிடத்தின் ஈரம் என்றனர் வேறு சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிரேடன் மனிதரை விட்டுவிட்டு அவர்கள் உண்ட அரிசியைக் கவனித்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. தம் ஆய்வை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார். பழைய வெள்ளையரிசியில் ஏதோ நச்சுப்பொருள் உண்டாகிறது என்பது அவர் கொண்ட முடிவு. குற்றவாளியைச் சரியாகப் பிடித்துவிட்டுக் குற்றத்தைத் தவறாகச் சொன்னார் எனலாம்.

கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் வில்லியம் பிளெட்சர் 1905 இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளையரிசியும் மற்றொன்றுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். இருப்பிடமே காரணமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டோர் ஏறத்தாழ 120 பேர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் பெரிபெரியால் இறந்தவர் ஒருவரும் இலர். அந்தப் பதினெண்மரிடம் எவரும் ஒப்புதல் கேட்டிருக்க முடியாது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மருத்துவ நூல்களில் அவர்கள் வெறும் எண்ணாகவே நிற்கின்றனர்.

அடுத்து வந்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும். ஜெலுபுப் பகுதியில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளரிடையே இதே ஒப்பீட்டை அவர்கள் செய்தனர். அரிசியை மாற்றியபோது நோயும் அரிசியைப் பின்தொடர்ந்து சென்றது. பின்னர்க் கோழிகளுக்கு வெள்ளையரிசி மட்டும் கொடுத்து நரம்புத் தளர்ச்சியை உண்டாக்கி, தவிட்டைச் சேர்த்துக் கொடுத்து அதனைத் தடுத்தும் காட்டினர். வெள்ளையரிசியில் நஞ்சு ஏதும் இல்லை, இருக்க வேண்டிய ஒன்று தீட்டும்போது போய்விடுகிறது என்பது இதனால் விளங்கியது. சாவகத்தில் எய்க்மானும் கிரெய்ன்ஸும் முன்னரே கோழிகளைக் கொண்டு இவ்வழியில் நடந்திருந்தனர். மலாயா ஆய்வுகள் அதனை மனிதரிடத்தில் நிறுவின. இலண்டனில் தவிட்டை ஆராய்ந்த காசிமீர் ஃபுங்க், 1912இல் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். பெரிபெரியைத் தடுக்கும் தயமின், அதாவது உயிர்ச்சத்து பி1, தவிட்டிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது 1926இல்தான்.

நெல்லைப் புழுக்கும்போது நிகழ்வது என்ன? தயமின் நீரில் கரைவது. அது தவிட்டிலும் முளையிலும் செறிந்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவிடும்போது அதன் ஒரு பகுதி கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. உலர்ந்தபின் அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்து இதனைச் செய்தார்கள் என்று பெருமை பேசுவது வரலாறு ஆகாது. உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பவையே அவர்கள் கண்ட பயன்கள். உயிர் காத்த பயன் அவர்கள் அறியாமலே கூட வந்தது.

உடல் மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றத் தயமின் தேவை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். ஆனால் உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. சோறே பெரும்பங்கான உணவில் இக்குறை விரைவில் வெளிப்படுவது அதனால்தான். அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டும் வீட்டில் இழப்பு இன்னும் மிகுதி.

தமிழரைக் காத்தது அவர்தம் குருதியன்று, அரிசிதான் என்பதற்குக் கொடிய சான்று சப்பானியர் காலத்தில் கிடைத்தது. அரிசி வரத்துக் குன்றித் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே கிடைத்ததோ தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தாக்கிய அம்முகாம்களில் பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் தெளிவாகிவிட்ட உண்மை அவர்களுக்கு உதவவில்லை.

தீட்டி இழக்கும் கதை அரிசியோடு முடியவில்லை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரரால் நடப்பெற்றது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்சுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். செம்பனைப் பழத்தைப் பிழிந்தவுடன் வரும் எண்ணெய் செந்நிறமானது. அந்நிறத்தைத் தருவது கரோட்டின். உடல் அதனை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. நிறமும் மணமும் நீக்கும் சுத்திகரிப்பில் அது ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடுகிறது. பழக்குலை வெட்டிய தொழிலாளரின் வீட்டுச் சட்டிக்குக் கடையிலிருந்து திரும்பி வருவது, வெளிறிய மஞ்சள் எண்ணெய்.