ஊர்ப்பேச்சில் உருவான ஆசான்

மே 20 உலகத் தேனீ நாள். 2017இல் ஐ.நா. சபை இந்நாளைத் தெரிவுசெய்தது அன்ரன் யான்சாவின் நினைவாக. இன்றைய சுலோவேனியாவில் 1734இல் பிறந்த உழவர் மகன் அவர். தந்தையிடம் நூறுக்கு மேற்பட்ட தேன்கூடுகள் இருந்தன. அயலவர் கூடி உழவையும் தேனீயையும் பற்றிப் பேசுவர். அக்கூட்டங்களே அவரது முதற் பாடசாலை.

ஓவியம் பயில வியன்னா சென்றவரை, 1770இல் பேரரசி மரியா தெரேசாவின் அரசு தேனீ வளர்ப்பு ஆசிரியராக்கியது. ஆண் தேனீ தண்ணீர் சுமக்கும் என்ற பழங்கதையை மறுத்தார். இராணித் தேனீ வானிலே இணைசேர்கிறது என்றார். 1773இல் மறைந்தார். அவர் முறையிலேயே கற்பிக்குமாறு பின்னர் ஆணை பிறந்தது.

ஊர்ப்பேச்சே நூலாயிற்று. பாடநூலை விரித்தே வகுப்பைத் தொடங்கும் எனக்கு இது உறுத்துகிறது. நாளை முதலில் மாணவரைப் பேசவிடுவேன்.