கணக்கில் வராத வாடகை



சம்பள நாள் மாலையில் தோட்டத்து லயங்களில் எழும் கணக்குப் பேச்சைச் சிறு வயதிலிருந்தே நாம் கேட்டிருக்கிறோம். கடைப் பற்று எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு, பிள்ளையின் சப்பாத்துக்கு எவ்வளவு என்று பேச்சு ஓடும். வீட்டு வாடகை எவ்வளவு என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. அந்த விடுபட்ட கணக்கின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

மலாயா சிறிய நாடு. ரப்பரையும் ஈயத்தையும் விற்று, உண்ணும் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலும் சயாமிலும் வாங்கிய நாடு. 1920களில் இந்தியத் தொழிலாளருக்குச் சம்பளம் நிர்ணயிக்க வந்த அதிகாரிகள், குடும்பச் செலவுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். அரிசி, கருவாடு, மிளகாய், புளி, துணிமணி என்று எண்ணினார்கள். 1928இல் போக்குவரத்து வசதியுள்ள இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்களுக்கு மட்டும் அரிசி மலிவாகக் கிடைத்ததோ என்னவோ! 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அதுவே 40 காசு, 32 காசு என்றாயிற்று.

அந்தப் பட்டியலில் வாடகை இல்லை. தொழிலாளர் சட்டப்படி வீடு தருவது முதலாளியின் கடமை. கேட்பதற்கு நல்லதுதான். ஆனால், வீட்டுக்கென்று செலவில்லை என்று வைத்துப் போட்ட சம்பளத்தில், சொந்த வீட்டுக்குச் சேமிக்க ஏது இடம்? வேலை இருக்கும்வரை கூரை. வேலை போனால் கூரையும் போயிற்று.

இதைச் சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் நம்மவர்கள் நேரில் கண்டார்கள். வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்துக் குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. அதைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கலாம். நிலத்துக்காக ஒரு செலவு தோட்டக் குடும்பத்தின் கணக்கில் ஏறியது அப்போதுதான் என்று நாம் கருதுகிறோம். அந்தப் பத்து வெள்ளி எந்தச் சட்டியிலிருந்து குறைந்தது என்பது நம் பாட்டிமாருக்கே தெரியும்.

ஏழைக் குடும்பம் வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும், வசதி பெருகினால் அந்தப் பங்கு குறையும் என்று 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியர் பெல்ஜியக் குடும்பங்களின் கணக்கைக் கொண்டு விளக்கினார். நம் நாட்டிலும் அப்படித்தான் குறைந்தது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வில், வீட்டில் சமைக்கும் உணவுக்கு 17.3 விழுக்காடு, வீடு, தண்ணீர், மின்சாரம் முதலியவற்றுக்கு 23.6 விழுக்காடு. சோற்றை வீடு முந்திக்கொண்டது.

நாம் பாடம் நடத்திய தோட்டம் ஒன்று வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டபோது, முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஓர் அம்மா வாடகை வீட்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்தோம். தொகையைச் சொன்னோம்.

“இது ஒரு தடவையா, மாசாமாசமா ஐயா?” என்று கேட்டார்.