பொருளும் பாவனையும்: ஃபிரெட் ரோஜர்ஸின் குழந்தைத் தொலைக்காட்சி

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் தயாரான 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' 1968 பிப்ரவரி 19 முதல் நாடெங்கும் ஒளிபரப்பானது. புதிய பகுதிகள் 2001 வரை வந்தன. கிறிஸ்தவ குருவாக அருட்பொழிவு பெற்ற ஃபிரெட் ரோஜர்ஸ் அதை எழுதினார், பாடல்களை இயற்றினார், பல பொம்மைகளுக்குக் குரலும் கொடுத்தார். நிகழ்ச்சியின் சாந்தத்தை அவருடைய சுபாவமாக மட்டும் பார்ப்பது போதாது. அது ஆய்ந்து வகுத்த கலைமுறை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. பொருள்கள்

நிகழ்ச்சியில் ரோஜர்ஸ் வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போடுவார், காலணி மாற்றுவார், மீன்தொட்டியில் தீனி தூவுவார். தீனி போடுவதை வாய்விட்டும் சொல்வார். மீன்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று பார்வையற்ற ஒரு சிறுமி கவலைப்பட்டதாகக் கடிதம் வந்ததுதான் காரணம். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று காட்ட, சமையலறை டைமரைத் திருகிவைத்து, அது அடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். கிரேயான் தொழிற்சாலைப் படத்தில், உருகிய மெழுகு அச்சில் இறங்கிக் குச்சிகளாகி, காகிதம் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போவதை அவசரமில்லாமல் காட்டினார்.

இந்த நிதானத்துக்குப் பின்னால் குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்ட் இருந்தார். ரோஜர்ஸ் பல ஆண்டுகள் அவரிடம் தொடர்ந்து ஆலோசனை கேட்டார். குளியல் தொட்டியில் தண்ணீர் வடியும்போது தானும் குழாய்க்குள் போய்விடுவோமோ என்று சின்னக் குழந்தை அஞ்சும். அந்த அச்சத்துக்கென்றே ரோஜர்ஸ் ஒரு பாட்டு எழுதினார். பெரியவர்கள் சிரித்துத் தள்ளும் பயத்தை இவ்வளவு மதித்த வேறொரு தொலைக்காட்சிக் கலைஞரைச் சொல்வது கடினம்.

3. பாவனை

நிகழ்ச்சியில் வரும் கற்பனை நாட்டுக்கு ஒரு சிறிய டிராம் வண்டி போகும், திரும்பி வரும். அங்கே ரோஜர்ஸ் தன் உருவில் தோன்றுவதில்லை. எது நிஜம், எது பாவனை என்று இன்னும் பிரித்தறியாத வயதுக்கு இந்த எல்லைக்கோடு அவசியம் என்று கருதினார்.

எல்லை தெளிவாக இருந்ததால்தான் அங்கே கனமான விஷயங்களையும் பேச முடிந்தது. 1968 ஜூனில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட அதே வாரத்தில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி வந்தது. டேனியல் என்ற புலிப் பொம்மை, கற்பனை நாட்டின் மனிதப் பாத்திரமான லேடி ஆபர்லினிடம் பலூன் ஊதச் சொல்கிறது. காற்றை வெளியே விட்டதும், அது எங்கே போயிற்று என்று கேட்கிறது. அடுத்து, படுகொலை என்றால் என்ன என்று கேட்கிறது. கையில் ஒரு பலூன் இருந்ததால் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தது. இங்கே பொருளும் பாவனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

4. மதிப்பீடு

மெதுவாகச் சொன்னால் குழந்தைகள் பார்க்கமாட்டார்கள் என்ற வாதத்தை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த நிகழ்ச்சி பொய்யாக்கியது. குழந்தைகளுக்காகப் படம் எடுக்க முன்வருவோர், வேறெதைப் பார்க்காவிட்டாலும் அந்த பலூன் காட்சியை ஒருமுறை பார்க்கட்டும்.