அறுபது யூனிட் கணக்கு

சொந்தக்காரப் பையன் அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜில்' சேர்ந்திருக்கிறான் என்றால் நம்மூர்ப் பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். ஏதோ டுடோரியல் காலேஜ் மாதிரி, வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை போல என்ற நினைப்பு. என் அக்கா மகன் கலிஃபோர்னியாவில் அப்படி ஒன்றில் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். "ரெண்டு வருஷத்துல யுனிவர்சிட்டிக்கு மாறிடுவானாமே, நடக்கிற காரியமாடா?" என்று அம்மா கும்பகோணத்திலிருந்து நாக்பூருக்கு போன் போட்டுக் கேட்டாள். பி.காம். முடித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுகிற எனக்கு என்ன தெரியும்? தேடிப் படித்ததில், இது நம்ம தொழிலுக்கு ரொம்பவே நெருங்கின சமாச்சாரமாக இருந்தது!

ஆரம்பம் 1901. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்று ஓர் ஊர். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் பள்ளி நிர்வாகி ஜே. ஸ்டான்லி பிரவுனும் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் முதல் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை உள்ளூரிலேயே படிக்கட்டும், பிறகு பல்கலைக்கழகம் போகட்டும். முதலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். ஏற்பாடு செய்த இருவரும் தெரிந்தவர்கள், அதனால் சிக்கல் குறைவு. ஆளைத் தெரிந்த மேனேஜர் செக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவாரே, அப்படி.

கூட்டம் சேர்ந்தால்தான் வில்லங்கம். 1944-ல் வந்த ஜி.ஐ. சட்டத்தால் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் கல்லூரிகளில் குவிந்தார்கள். 1947-ல் ட்ரூமன் அமைத்த கமிஷன் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரைப் பரப்பியது.

1960-ல் கலிஃபோர்னியாவின் மாஸ்டர் பிளான். முன்நின்றவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு அந்தப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற யார் வந்தாலும் ஜூனியர் காலேஜ். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதில் இருந்த இன்னொரு கணக்கு. பல்கலைக்கழகத்தில் கீழ் இரண்டு வருடங்களில் 40 பேர் என்றால் மேல் இரண்டு வருடங்களில் 60 பேர் இருக்க வேண்டும். அதாவது, மாறி வருபவர்களுக்கு இடம் முன்கூட்டியே ஒதுக்கியாகிவிட்டது. வாக்குறுதி கொடுத்தால் அதற்கு ஈடாகக் கையிருப்பும் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் போட்ட கணக்கு!

இடம் சரி, படித்த பாடம்? அங்கேதான் உதைத்தது. கோர் பாங்கிங் வருவதற்கு முன் வெளியூர் செக் போட்டவர்களுக்குத் தெரியும், பணம் இருந்தும் கலெக்‌ஷனுக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதே கதை. இங்கே படித்த கால்குலஸை அங்கே ஒத்துக்கொள்வது அந்தத் துறையின் இஷ்டம். 2017-ல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்களாம் (எல்லா வகைக் கல்லூரிகளும் சேர்த்து). நூறு ரூபாயை வேறு கிளைக்கு மாற்றினால் 57 ரூபாய் போய்ச் சேர்கிறது என்றால் எந்தக் கஸ்டமர் சும்மா இருப்பார்?

கலிஃபோர்னியா இதைத் துண்டு துண்டாகத்தான் சரி செய்தது. எந்தப் பாடத்துக்கு எங்கே என்ன மதிப்பு என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற பட்டியல் 1985-ல் வந்தது. 2010-ல் ஒரு சட்டம். குறிப்பிட்ட 60 யூனிட் முடித்து 'இடமாற்ற டிகிரி' வாங்கினால் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இடம் உறுதி, அங்கே இன்னும் 60 முடித்தால் பட்டம். (கேட்ட வளாகமே கிடைக்கும் என்று உறுதி இல்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கின நமக்கு இது புரியும் :-)) அதுவரை நிறைய பேரின் வருடங்களைத் தின்றது, யூனிட் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகள். நுழைவில் ஒரு தேர்வு வைத்து அதில் தள்ளிவிடுவார்கள். 2017-ல் இன்னொரு சட்டம் அதற்கும் கடிவாளம் போட்டது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுப்பாடப் பட்டியல் ஒன்றே.

ஆக, சீக்கிரம் மாறுவது பையனின் வேகத்தில் மட்டும் இல்லை. சேரும் முதல் பருவத்திலேயே போக வேண்டிய இடத்தையும் துறையையும் வைத்துப் பட்டியலைப் பார்த்துப் பாடம் எடுத்தால் இரண்டு வருடம். நடுவில் துறையை மாற்றினால் மூன்றாகிவிடலாம். பெர்க்லி, யு.சி.எல்.ஏ. இரண்டும் இட உத்தரவாதம் தருவதில்லை, போட்டிதான். செலவைப் பாருங்கள். உள்மாநிலத்தவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர், அறுபதுக்கு 2,760. 1984 வரை அதுவும் கிடையாது. இதைச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மனசு ஆறியது.

நம் நாட்டிலும் 2021-ல் யு.ஜி.சி. 'அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' தொடங்கியது. பெயரிலேயே பாங்க் இருக்கிறதே என்று விதிகளைப் புரட்டினேன். சேமித்த கிரெடிட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் ஏழு வருடமாம். யாரும் கேட்காத டெபாசிட்டைப் பத்து வருடம் கழித்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பினாலும், உரியவர் வந்து கேட்டால் நாங்கள் திருப்பித் தருகிறோம் ஐயா!