மிசுறு நாடும் நமது ஐந்தாந் தரமும்

நமது பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிசுறு நாடு புதிய பெயரல்ல. யூசுப் நபி விற்கப்பட்ட சந்தையும், மூஸா நபியின் தாய் பிள்ளையைப் பேழையில் வைத்து விட்ட நதியும், கடலில் அமிழ்ந்த பிர்அவ்னும் ஓதப் போகும் வயதிலேயே அவர்களுக்கு அறிமுகமாகி விடுகின்றன. அதற்குப் பின்னர் அந்நாட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்களா, என்ன விதைத்தார்கள், யாருக்கு வரி கட்டினார்கள் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகி விடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆரம்பப் பிரிவில் நாம் கற்பிப்பது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். வரலாறு தனிப்பாடமாக வருவது ஆறாந் தரத்தில்தான். அதற்கு முன்பே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வந்து பிள்ளையையும் பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்தே விழுங்கி விடுகிறது.

ஆனால் தூரதேசம் என்பது ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ வெறும் பாடப்பொருள் அல்ல. தோளோடு தோள் நிற்கும் இவ்விரு ஊர்களிலும், தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், யாராவது ஒருவர் வெளிநாடு போன குடும்பங்கள் பல. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாக நமது பெண்கள் போகத் தொடங்கினர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. தாய் றியாத்திலோ குவைத்திலோ இருக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைக்கு அறபு நாடு என்பது ஒரு கம்பளி, ஒரு பால்மாப் பேணி, வெள்ளிக்கிழமை வரும் தொலைபேசி அழைப்பு. ஒருபக்கம் புனிதம், மறுபக்கம் சம்பளம். இவ்விரண்டுக்கும் நடுவே வயலில் நின்ற மனிதனை நாம் பிள்ளைகளுக்குக் காட்டியதே இல்லை. காட்டுவதற்கு ஒறாபி பாஷாவை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு ஒறாபி பாஷா என்றால் துருக்கித் தொப்பியும் ஸாஹிறாக் கல்லூரியும். இரண்டும் சரிதான். ஆயினும் பிள்ளைகளுக்கு அங்கிருந்து தொடங்கக் கூடாது. 1841இல் நைல் கழிமுகத்தில் ஒரு கிராமத்தில், ஊர்த் தலைவரின் மகனாகப் பிறந்தவர் அஹ்மத் ஒறாபி. ஊர் மக்தபில் ஓதினார், சிறிது காலம் அல் அஸ்ஹரில் பயின்றார், பின் படையில் சேர்ந்தார். அப்படையின் உயர்பதவிகள் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தாரின் கையில் இருந்தன. மண்ணின் மைந்தனான உழவனுக்கு, அறபியில் 'பல்லாஹ்' எனப்படுபவனுக்கு, அங்கே மதிப்பில்லை.

இந்தப் பல்லாஹ்வை விளங்கப்படுத்த நமது பிள்ளைகளுக்குப் படம் தேவையில்லை. பெரும்போகமும் சிறுபோகமும் அவர்களுக்குத் தெரியும். வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று வாப்பா வட்டவிதானையிடம் கேட்பதைக் கண்டிருக்கிறார்கள். நைல் வாய்க்கால்களில் படிந்த சேற்றை ஆண்டுதோறும் அள்ள உழவர்கள் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கூலி கிடையாது, சவுக்கடி உண்டு என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏன் ஓடிப் போகவில்லை என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. இலங்கையிலும் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் இருந்தது, 1832இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை அந்த இடத்தில் சொன்னால் தூரதேசம் பக்கத்தில் வந்து விடும்.

சூயஸ் கால்வாயின் முதற்கட்ட வேலையும் இப்படித்தான் நடந்தது. மாதந்தோறும் ஏறத்தாழ 20,000 உழவர்கள் மாறிமாறி மண் வெட்ட அனுப்பப்பட்டார்கள். 1864 அளவில் அந்தக் கட்டாய வேலை நிறுத்தப்பட்டு, இயந்திரங்கள் வந்தன. 1869இல் கால்வாய் திறக்கப்பட்டது. ஆட்சியாளர் இஸ்மாயிலின் கடன் பெருகியதால் 1875இல் எகிப்தின் பங்குகளை இங்கிலாந்து நாற்பது இலட்சம் பவுணுக்கு வாங்கிக் கொண்டது. கடன் கொடுத்தவன் கணக்குப் பார்க்க வீட்டுக்குள் வருவதும், பின் வீட்டையே ஆள்வதும் எப்படி நடக்கும் என்பதை நமது ஊர்ப் பிள்ளைக்கு விளக்க நீண்ட பிரசங்கம் வேண்டியதில்லை.

மீதிக்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1881இல் ஒறாபி படையினருடன் அரண்மனை முன்றலில் நின்று பாராளுமன்றம் கேட்டார். 1882 ஜூலையில் ஆங்கிலேயக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கின. செப்டம்பர் 13இல் தல்அல்கபீர் போரில் அவர் தோற்றார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. தோழர் அறுவருடன் சூயஸ் துறையிலிருந்து கப்பலேறி, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். கட்டிய உழவர்களுக்குச் சொந்தமாகாத அந்தக் கால்வாயின் தென்வாயிலிருந்துதான் உழவர் மகன் நாடு கடத்தப்பட்டார் என்பதைத் தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1882 டிசம்பரில், மர்ஹூம் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எகிப்திய, துருக்கியச் செய்திகள் தமிழில் நம்மவர் கைக்கு வந்த காலம் அது. 1885இல் அவர் வெளியிட்ட அசன்பேயின் கதை, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர் பலர் கொள்வது, எகிப்தியக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனைக் கதைநாயகனாகக் கொண்டது. கண்டியில் பிறந்த ஒருவர் தம் கற்பனைக்கு மிசுறைத் தேர்ந்தது தற்செயலானது என நான் நினைக்கவில்லை. 1892இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸா, பின்னாளில் ஸாஹிறாவாக வளர்ந்தது. சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் உழைத்த அப்பணிக்கு ஒறாபி பாஷா துணை நின்றார். ஆங்கிலேயரால் நாடிழந்தவரே, ஆங்கிலக் கல்வியையும் கற்றுக் கொள்ளுங்கள் என்று நம்மவரைத் தூண்டினார் என்பது ஆசிரியர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

நம் இலக்கியக்காரர்கள் பெரிதாகப் பேசாத இன்னொருவர் அந்த எழுவரில் இருந்தார். மஹ்மூத் ஸாமி அல்பாறூதி, எகிப்தின் பிரதமராயிருந்த கவிஞர். நவீன அறபுக் கவிதையின் முன்னோடி என்று அறபுலகம் போற்றுபவர். ஸரன்தீபில் இருந்தபடி தாய்நாட்டை நினைத்து அவர் பாடிய கவிதைகள் புகழ்பெற்றவை. 1899இல் நாடு திரும்பினார், 1904இல் காலமானார். வேறு சிலர் திரும்பவே இல்லை, இம்மண்ணிலேயே அடக்கமானார்கள். ஒறாபி 1901இல் திரும்பி 1911இல் கெய்ரோவில் மறைந்தார்.

பாறூதியைப் பற்றிச் சொன்ன அன்று, தாய் வெளிநாட்டிலுள்ள ஒரு பிள்ளை, பதினாறு வருடம் அவர் தன் ஆட்களுடன் எப்படிக் கதைத்தார் என்று கேட்டாள். கடிதம் எழுதினார், கவிதை எழுதினார் என்றேன். கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் என்றாள். கப்பல் பாதையைத் தேசப்படத்தில் அளந்து, கொழும்பிலிருந்து ஏடன், ஏடனிலிருந்து சூயஸ் என்று வகுப்பே கணக்குப் போட்டது. அன்றைய கணிதப் பாடம் அதிலேயே முடிந்தது.

கண்டியில் ஒறாபி பாஷா வாழ்ந்த வீடு 1983இல் நினைவு நிலையமாக்கப்பட்டது. நமது பகுதிப் பாடசாலைச் சுற்றுலாக்கள் தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் போகின்றன. அடுத்த முறை பஸ் பேசும்போது சாரதியிடம் ஹல்லொலுவ வீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.